வரப்போகும் குழந்தைகளின் கணக்கு

இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் ஆண்டுதோறும் தயாரிக்கும் வரவு செலவு மதிப்பீட்டில், சாலைகளைச் செப்பனிடவும் குப்பையை அகற்றவும் எவ்வளவு செலவாகும் என்று அனுமானிப்பதில் பெரும் சிரமம் இருப்பதில்லை. சாலையின் நீளமோ வீடுகளின் எண்ணிக்கையோ ஒரே வருஷத்தில் தலைகீழாக மாறிவிடுவதில்லை அல்லவா? ஆனால் பெற்றோரிடம் பத்திரமாக இருக்க முடியாத குழந்தைகளில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு கவுன்சிலின் பொறுப்புக்கு வந்து சேருவார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வளர்ப்புக் குடும்பமும் எத்தனை பேருக்குக் குழந்தைகள் இல்லமும் வேண்டியிருக்கும், வந்தவர்கள் எவ்வளவு காலம் தங்குவார்கள் என்பவற்றை முன்கூட்டியே கணித்துச் சொல்லுவது முற்றிலும் வேறு ஜாதிக் காரியம். அதைச் செய்ய வேண்டிய அதிகாரி பெரும்பாலும் பட்ஜெட் தயாராகும் மாதங்களில்தான் அந்தக் காகிதத்தைக் கையில் எடுக்கிறார்; எடுத்தவுடன் சென்ற ஐந்தாறு வருஷங்களின் எண்களை வரிசையாக எழுதி, அவற்றின் ஊடே ஒரு கோட்டை இழுத்து, கோடு போகிற திசையிலேயே அடுத்த மூன்று வருஷங்களையும் குறித்துவிடுகிறார். அந்தக் கோட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இந்தக் கணிப்பு விருப்பப்பட்டால் செய்யக்கூடிய காரியமன்று. 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில், 2008-இல் நிறைவேறிய மற்றொரு சட்டத்தின் வாயிலாகப் புகுத்தப்பட்ட 22ஜி என்னும் பிரிவு, தன் பராமரிப்பில் உள்ள குழந்தைகளின் தேவைக்குப் போதுமான தங்குமிடங்கள் தன் எல்லைக்குள்ளேயே கிடைக்கும்படி, நியாயமாக இயன்ற மட்டும், ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. தங்குமிடம் தருவோர் பலராகவும், தங்குமிடங்கள் பலவிதத் தேவைகளுக்கு ஏற்றனவாகவும் இருப்பதன் நன்மையை மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்லுகிறது. போதுமானதா என்பதை அறிய வேண்டுமானால் எதற்குப் போதுமானது என்பது தெரிய வேண்டும். எனவே இந்தப் பிரிவு, வெளிப்படையாகச் சொல்லாமலே, ஒவ்வொரு கவுன்சிலையும் ஜோஸ்யம் சொல்லும்படி பணிக்கிறது.

விஷயத்தின் அளவைத் தெரிந்துகொள்ள இரண்டு மூன்று எண்கள் போதும். 2024-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதியன்று இங்கிலாந்தின் ஸ்தல ஸ்தாபனங்களுடைய பராமரிப்பில் 83,630 குழந்தைகள் இருந்தார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரில் பதினாயிரத்துக்கு 70 பேர் என்பது அதன் விகிதாசாரம். மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்தார்கள். எஞ்சியோர் இல்லங்களிலும், பதினாறு பதினேழு வயதினருக்கான விடுதிகளிலும், சிலர் பெற்றோரிடமேயும் இருந்தார்கள். இந்தச் சராசரி ஒரு மாயை என்பதை உடனே சொல்லிவிட வேண்டும்: கடற்கரை நகரமான பிளாக்பூலில் இந்த விகிதம் ஏறத்தாழ 200, லண்டனின் செல்வம் மிக்க ரிச்மண்டில் அதில் ஆறில் ஒரு பங்கு கூடத் தேறுவது அரிது. ஆகவே தேசத்தின் கோட்டைப் பார்த்துத் தன் ஊருக்கு எண் எழுதும் கவுன்சில் தொடக்கத்திலேயே தவறிவிடுகிறது.

தேசத்தின் கோடுதான் நேரானதா என்று கேட்டால் அதுவும் இல்லை. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இவ்வாறு அரசாங்கப் பொறுப்பில் இருந்தார்கள். அக்காலத்தில் ஒருவர் கோட்டை நீட்டியிருந்தால் நூற்றாண்டின் இறுதிக்கு மிகப் பெரிய எண்ணொன்றைக் கண்டிருப்பார். உண்மையிலோ அது இறங்கிக்கொண்டே வந்து, 1994 வாக்கில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 49,000 ஆகிவிட்டது. குழந்தைகளைக் குடும்பத்திலேயே வைத்துக் காப்பதுதான் முதல் கடமை என்ற கருத்து வலுப்பெற்றதும், 1989-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தின் மூலம் குழந்தையை எடுக்கும் வழியை ஒழுங்குபடுத்தியதும், குற்றம் புரிந்த சிறுவர்களைக் கையாளும் முறை மாறியதும் அந்த இறக்கத்தில் சேர்ந்திருந்தன. அந்த இறக்கத்தை நீட்டியவரும் தோற்றார். ஏனெனில் அப்பால் மீண்டும் ஏற்றம் தொடங்கியது.

ஏற்றத்தின் நடுவில் நேர்ந்த ஒரு திருப்பம் தனியே கவனிக்கத்தக்கது. லண்டனில் ஹாரிங்கே பகுதியில், 2007 ஆகஸ்டில், அதிகாரிகள் பலமுறை போய்ப் பார்த்திருந்த பதினேழு மாதக் குழந்தை ஒன்று வீட்டாரின் கொடுமையால் மாண்டது. 2008 நவம்பரில் வழக்கு முடிந்து விவரங்கள் பத்திரிகைகளில் வெளியானபோது நாடே கொதித்தது. 2008-09 நிதியாண்டில் சுமார் 6,500-ஆக இருந்த பராமரிப்பு உத்தரவுக்கான விண்ணப்பங்கள் அடுத்த ஆண்டில் 8,800-ஐ எட்டின. அந்த ஒரு வருஷத்துக்குள் இங்கிலாந்தில் கெட்ட பெற்றோரின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாறியது சமூகப் பணியாளரின் மனநிலை; அவருடைய மேலதிகாரியின் அச்சம்; ஐயத்துக்கிடமான குடும்பத்தில் இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு நேற்று வரை கிடைத்த விடை இன்று கிடைக்காமற் போனமை. இதே 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில், சதர்க் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், வீடின்றி வந்து நிற்கும் பதினாறு பதினேழு வயதினரை வீட்டுவசதி இலாகாவிடம் தள்ளிவிடாமல் குழந்தைகள் சட்டத்தின்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அதுவரை கணக்கிலேயே வராத இளைஞர்கள் ஒரே நாளில் கணக்குக்குள் வந்தார்கள். எந்தக் கோடு இதை முன்பே காட்டியிருக்கும்?

மழையை ஊகிப்பவர் ஊகிப்பது தமக்குப் புறம்பான ஒன்றை. கவுன்சிலின் கணிப்பாளரோ பெரிதும் தம் அலுவலகத்தார் எடுக்கப்போகும் முடிவுகளையே ஊகிக்கிறார். இந்த வேற்றுமையை மறந்துவிட்டு, குழந்தைகளின் வரவைப் புயலைப் போலவும் வெள்ளத்தைப் போலவும் வருணிக்கும் அறிக்கைகள் மிகுதி. வருணனை சௌகரியமானதுதான், வெள்ளத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கின் உள்ளமைப்புக்கு வருவோம். பராமரிப்பில் உள்ளோரின் எண்ணிக்கையை ஏரியின் நீர்மட்டமாகக் கொண்டால், வரத்துக்கால் வழியாக வருவதும் மதகு வழியாகப் போவதும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியவை; நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஏன் உயர்கிறது என்பது ஒருநாளும் விளங்காது. கொரோனாத் தொற்றுக் காலம் இதை நன்கு நிரூபித்தது. பள்ளிகள் மூடிக் கிடந்து பின் திறக்கும்போது பெருங்கூட்டமாகக் குழந்தைகள் வருவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2020-21-ஆம் ஆண்டில் புதிதாக வந்தவர்களோ 31,010-இலிருந்து 28,440-ஆகக் குறைந்தார்கள். இருந்தும் ஆண்டின் முடிவில் மொத்த எண்ணிக்கை 80,080-இலிருந்து 80,850-ஆக உயர்ந்தது. காரணம், வெளியே போகும் வழியும் சுருங்கியதுதான்: குடும்ப நீதிமன்றங்கள் இருபத்தாறு வாரத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்க, தொற்றுக்குப் பிறகு சராசரிக் காலம் நாற்பது வாரத்தைத் தாண்டியது, முடிவு வராத வழக்கின் குழந்தை இருந்த இடத்திலேயே இருந்தது.

வெளியேறும் வழிகளுள் சுவீகாரம் ஒன்று. 2013-இல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும், வேறெந்த வழியும் பயன்படாது என்ற நிலையிலேயே பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையைச் சுவீகாரத்துக்கு அனுப்பலாம் என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகு, நீதிபதிகளிடம் செல்லும் விண்ணப்பங்களே அருகின. 2014-15-இல் 5,360 குழந்தைகள் சுவீகாரம் போனார்கள். 2023-24-இல் 2,980 பேர்தாம். தீர்ப்பு சரியா தவறா என்பது இங்கே விவாதமல்ல. ஆனால் சின்னஞ்சிறு வயதில் வெளியேறியிருக்கக்கூடிய குழந்தை ஒன்று வெளியேறாவிட்டால் அது பதினாறு பதினேழு வருஷங்கள் கணக்கில் நிற்கலாம் என்பதையும், வருஷத்துக்கு இருநூறு பேர் வரும் ஊரில் சராசரித் தங்கும் காலம் இரண்டு வருஷத்திலிருந்து இரண்டரை வருஷமாகக் கூடினால், புதிதாக ஒருவரும் அதிகம் வராமலே, நானூறு என்ற நிலை காலக்கிரமத்தில் ஐந்நூறாகிவிடும் என்பதையும் கணிப்பாளர் மறந்துவிடலாகாது. வரவை எண்ணி, தங்கும் காலத்தை வயதுவாரியாகப் பிரித்து, ஒரு வகை இடத்திலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவோரின் வீதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் புதியனவல்ல. கவுன்சில்களிடம் அதற்குரிய தகவலும் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் எந்தத் தேதியில் எந்த இடத்துக்குப் போயிற்று என்பதைக் கல்வி இலாகாவுக்கு ஆண்டுதோறும் அனுப்பியே ஆக வேண்டும். இல்லாதது பெரும்பாலும் அதை எடுத்துப் பார்க்க ஓர் ஆளும் சில வாரங்களும்.

நல்ல முறையைக் கையாண்டாலும் சிறிய எண்களின் சஞ்சலத்திலிருந்து தப்ப முடியாது. முந்நூறு குழந்தைகளைப் பராமரிக்கும் நடுத்தரமான ஒரு கவுன்சிலில் முப்பது பேர் இல்லங்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரணம் எதுவும் மாறாவிட்டாலும், வெறும் தற்செயலினாலேயே, அந்த முப்பது ஐந்தாறு பேர் கூடவோ குறையவோ செய்யும். அது நிகழ்தகவுக் கணிதத்தின் விதி. ஓர் இடத்துக்கு வாரம் 5,000 பவுன் என்று கொண்டால் வருஷத்துக்கு 2,60,000 பவுன். ஐந்து பேர் கூடினால் 13 லட்சம் பவுன். பொருளாளர் கேட்பது ஒற்றை எண். கணிதம் கொடுப்பது ஒரு வீச்சு. இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே என்று எழுதும் அதிகாரி திறமையற்றவராகத் தோன்றுகிறார். முப்பத்தொன்று என்று எழுதுபவர் திறமைசாலியாகத் தோன்றுகிறார். பிந்தியவர் செய்வது, நேர்மையாகச் சொன்னால், தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது. ஆயினும் இந்த வழக்கத்தை மாற்றும் பொறுப்பு அவரைவிடக் கேட்பவருக்கே அதிகம் உண்டு.

வறுமைக்கும் இந்த எண்களுக்கும் உள்ள தொடர்பு இப்போது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பேராசிரியர் பால் பைவாட்டர்ஸும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சிகள், மிக ஏழ்மையான வட்டாரங்களில் பிறந்த குழந்தை, மிக வசதியான வட்டாரத்துக் குழந்தையைவிடப் பத்து மடங்குக்கு மேல் பராமரிப்புக்கு வரும் வாய்ப்புடையது என்று காட்டின. லிவர்பூல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, 2015 முதல் 2020 வரை குழந்தை வறுமை பெருகியதோடு தொடர்புடையதாகச் சுமார் 10,000 குழந்தைகள் கூடுதலாகப் பராமரிப்புக்கு வந்ததாக மதிப்பிட்டது. இது கணிப்பாளருக்கு ஒரு துணைதான். ஆனால் பைவாட்டர்ஸ் குழு கண்ட மற்றொன்று சிக்கலானது: ஒரே அளவு வறுமையுள்ள இரண்டு வட்டாரங்களில், செல்வந்தக் கவுன்சிலுக்குள் இருக்கும் வட்டாரத்துக் குழந்தைகளே அதிகமாக எடுக்கப்படுகிறார்கள். பணமும் ஆளும் உள்ள இடத்தில் கண்ணும் அதிகம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். மறுபடியும் நாம் வந்து நிற்பது அலுவலகத்தின் வாசலில்தான்.

எந்தக் குடும்பத்தின் குழந்தை வரப்போகிறது என்பதையே தனித்தனியாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணினியை நம்பியவர்களும் உண்டு. குழந்தைகள் சமூக நலனுக்கான ஆய்வு மையம் ஒன்று நான்கு ஸ்தல ஸ்தாபனங்களின் பதிவேடுகளைக் கொண்டு செய்து 2020 செப்டம்பரில் வெளியிட்ட பரிசோதனையில், முன்கூட்டியே நிர்ணயித்த தரத்தை ஒரு கணினி மாதிரியும் எட்டவில்லை. ஆபத்திலிருந்த குழந்தைகளில் சராசரியாக ஐந்தில் நான்கு பேரை அவை தவறவிட்டன. ஆபத்து என்று சுட்டியவற்றிலும் பத்துக்கு ஆறு பிழை. தங்கள் தோல்வியை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியாளர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆயிரம் குடும்பங்களில் ஏறத்தாழ எத்தனை என்பதைச் சொல்லுவதும் அவற்றுள் எது என்பதைச் சொல்லுவதும் ஒன்றல்ல. முன்னதைக் கொண்டு வளர்ப்புப் பெற்றோரைத் திரட்டலாம். பின்னதைக் கொண்டு ஒரு வீட்டின் கதவைத் தட்டுவதற்கு வேண்டிய நியாயம் இன்னும் பிறக்கவில்லை.

இதுவரை சொன்ன இடையூறுகள் யாவும் கணிப்பாளர்கள் ஓரளவு அறிந்தவை. இவற்றிலும் ஆழமான குறை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பதிவேடு சொல்லுவது குழந்தை எங்கே வைக்கப்பட்டது என்பதை. எங்கே வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை அன்று. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு நல்ல வளர்ப்புக் குடும்பமே ஏற்றது என்று சமூகப் பணியாளர் நினைக்கிறார். அன்று மாலை முழுவதும் தொலைபேசியில் கேட்டும் குடும்பம் கிடைக்கவில்லை. இரவில் எண்பது மைலுக்கு அப்பாலுள்ள தனியார் இல்லமொன்றில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பதிவேட்டில் விழுவது இல்லம் என்ற சொல். அடுத்த ஆண்டின் கணிப்பாளர் அதைத் தேவை என்று எண்ணிக்கொள்ளுகிறார். இல்லங்களுக்குத் தேவை பெருகுகிறது என்று அறிக்கை எழுதுகிறார். அறிக்கையைப் படித்த முதலீட்டாளர் இல்லம் திறக்கிறார். வளர்ப்புக் குடும்பங்களைத் தேட வேண்டிய பணம் இல்லத்துக்குப் போகிறது. பற்றாக்குறையே தேவையின் வேஷம் பூண்டு மறுபடியும் மறுபடியும் ஏட்டில் ஏறுகிறது.

இல்லங்களின் பூகோளத்தைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். இங்கிலாந்தின் குழந்தைகள் இல்லங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வடமேற்குப் பிரதேசத்தில் இருக்கிறது. லண்டனில் மிகச் சொற்பம். அப்பிரதேசத்து லங்காஷயர்க் குழந்தைகள் லண்டன் குழந்தைகளைவிட இல்லங்களை அதிகம் விரும்புவதாலா? இல்லை, வீட்டு விலை வடமேற்கில் மலிவு. பெரும்பாலான இல்லங்கள் தனியார் வசம் இருப்பதால், விலை மலிந்த இடத்தில் அவை முளைத்தன. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, 2016-இல் வாரத்துக்கு 2,977 பவுனாக இருந்த சராசரிக் கட்டணம் 2020-இல் 3,830 பவுனானதையும், பெரிய நிறுவனங்கள் இல்லங்களில் சராசரியாக 22.6 சதவிகிதம் செயற்பாட்டு லாபம் ஈட்டியதையும் எடுத்துக்காட்டி, நன்கு இயங்கும் சந்தையில் இவ்வளவு லாபம் எதிர்பார்க்கத்தக்கதன்று என்றது. ஸ்தல ஸ்தாபனங்களின் சங்கம் நடத்திய விசாரணையின்படி, வாரத்துக்கு 10,000 பவுனோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கிய இடங்கள் 2018-19-இல் 120. 2022-23-இல் 1,500-க்கும் அதிகம். இந்தப் பேரத்தில் கவுன்சிலின் கை தாழ்ந்திருப்பதற்குக் கணிப்பு இல்லாமை ஒரு காரணம் என்று ஆணையமே சொல்லிற்று: நாளைக்கு வேண்டும் என்று இன்று மாலை கேட்பவரிடம் விற்பவர் விலையைக் குறைப்பாரா?

பரிகாரம் ஒன்று மிக எளியது. எளியதாயிருப்பதாலேயோ என்னவோ கவனிப்பாரில்லை. குழந்தையை எடுக்க முடிவு செய்யும் அன்றே, இடம் தேடத் தொடங்குவதற்கு முன், எத்தகைய இடம் உகந்தது, எந்த ஊரில், உடன்பிறந்தாரோடு சேர்த்தா தனித்தா என்பதைப் பணியாளர் எழுதி வைக்க வேண்டும். பிறகு கிடைத்த இடம் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். இரண்டு பத்திகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இரண்டு வருஷம் தொகுத்தால், உண்மையான தேவையின் உருவம் ஒருவாறு தெரியும். பணியாளர் கிடைக்காததைக் கேட்டுப் பழகாமல், கிடைக்கக்கூடியதையே உகந்தது என்று எழுதிவிடுவார் என்ற ஆட்சேபம் நியாயமானது. எனினும் பிழையுள்ள சாட்சியம் சாட்சியமே இல்லாமையைவிட மேல்.

கணிப்பு எளிதாகும் ஒரு மூலையும் உண்டு. பெற்றோர் துணையின்றிப் பிற நாடுகளிலிருந்து புகலிடம் தேடி வரும் குழந்தைகள் 2024-இல் 7,380 பேர் பராமரிப்பில் இருந்தார்கள். எவ்வளவு பேர் கடல் கடந்து வருவார்கள் என்பது யாருக்கும் தெரியாது; ஆனால் தேசியப் பகிர்வுத் திட்டத்தின்படி ஒரு கவுன்சிலின் பங்கு அதன் குழந்தை ஜனத்தொகையில் 0.1 சதவிகிதத்தை எட்டும் வரை அதற்கு அனுப்பலாம் என்று 2022 முதல் விதி இருப்பதால், அறுபதாயிரம் குழந்தைகள் உள்ள கவுன்சில் அறுபது இடங்கள் என்ற வரம்பை வைத்துக்கொண்டு திட்டமிடலாம். விதி முன்னே வந்தால் கணக்கு பின்னே வரும்.

பெரிய எண்ணைச் சொல்லி அரசாங்கத்தை அசைக்கும் கணிப்புகளும் உள்ளன. குழந்தைகள் சமூக நலனைப் பற்றி ஜாஷ் மக்காலிஸ்டர் தலைமையில் நடந்த சுயேச்சைப் பரிசீலனை 2022 மேயில், ஒன்றும் செய்யாவிட்டால் பத்தாண்டில் பராமரிப்பில் உள்ளோர் ஒரு லட்சத்தை நெருங்குவர் என்று எச்சரித்தது. அப்பால் 2024-இன் எண் முந்தைய ஆண்டைவிடச் சற்றே குறைந்திருந்தது. இதைக் கொண்டு அவர் கணிப்பு பொய்த்தது என்பது அவசரம். நிகழக்கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் எண்ணை, நிகழ்ந்ததா என்று மட்டும் பார்த்து எடைபோடுவது பொருந்தாது. ஆனால் அத்தகைய எண்ணைத் தன் பட்ஜெட்டில் அப்படியே எழுதிக்கொள்ளும் கவுன்சில் எச்சரிக்கையைத் திட்டமாக்கிக்கொள்ளுகிறது.

இப்போது நம்பிக்கை வைக்கப்பட்டிருப்பது பிரதேசக் கூட்டுறவில். கிரேட்டர் மான்செஸ்டரிலும் தென்கிழக்குப் பிரதேசத்திலும் கவுன்சில்கள் சேர்ந்து இடங்களைத் திட்டமிடவும் வாங்கவும் முன்னோட்டம் தொடங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா இதற்குச் சட்ட ஆதாரம் தேடியது. கணிதம் இதற்குச் சாதகம். முப்பது பேர் என்ற எண்ணின் தற்செயல் ஊசலாட்டம் நூற்றுக்குப் பதினெட்டு. பத்துக் கவுன்சில்களின் முந்நூறு பேரைச் சேர்த்தெண்ணினால் அது நூற்றுக்கு ஆறாக இறங்கும். மிக அபூர்வமான தேவையுடைய, ஒரு கவுன்சிலில் ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ மட்டும் வரும் குழந்தைக்கு, பத்துக் கவுன்சில்கள் சேர்ந்தால்தான் இல்லமொன்று நடத்தக் கட்டுபடியாகும். ஆனால் தற்செயல் மட்டுமே இவ்வாறு கரைகிறது; ஒரு தீர்ப்போ ஒரு குழந்தையின் மரணமோ வந்தால் பத்துக் கவுன்சில்களும் ஒரே திசையில் சாயும், கூட்டிப் பார்ப்பதால் அந்தச் சாய்வு குறையாது. தவிர, கூட்டுத் தொகை சரியாக இருந்தும் இடங்கள் யாவும் கிரேட்டர் மான்செஸ்டரில் வீட்டு விலை மலிந்த ராச்டேலில் குவிந்துவிட்டால், அதே பிரதேசத்து விகனில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமியின் நிலை பழைய நிலைதான். ஆதலால் பிரதேசம் முழுவதற்கும் ஒரே எண்ணை எழுதுவதோடு நிற்காமல், அந்த எண் எந்த ஊர்க் குழந்தைகளால் ஆனது என்பதையும் ஒவ்வொரு கவுன்சிலின் பெயருக்கு நேரே எழுதி, இடங்களை அந்தப் பட்டியலின்படியே விலை பேச வேண்டியிருக்கும்.